மூன்றாவது கார்டும் போயிற்று!

"மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்" என்று நம் பாட்டிமார்கள் சொல்லி வைத்துப் போனார்கள். அந்தக் காலத்தில் வீட்டில் அடிக்கடி உடைகிற சாமான் குடம் ஒன்றுதான். இந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள்ளே கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்கிறது. அது மருமகள் கையில் போனால் எந்தக் குடத்தில் சேர்த்தி? ஒன்று போனால் போதாத காலம் என்று விட்டுவிடலாம். ஏழு மாதத்துக்குள் மூன்று போனால்?

நத்தத்தில் இருக்கும் என் சித்தி பெண்ணுக்கு இந்தக் கஷ்டம்தான் வந்தது. சென்ற பங்குனியில் நான் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது வீடே ஒரு மாதிரி இருந்தது. புருஷன் பேசவில்லை. மாமியார் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இவள் கண் சிவந்து அடுக்களையில் நின்றாள். "யாருக்காவது உடம்பு சரியில்லையோ" என்று நான் பயந்துபோனேன். விசாரித்தால், உடம்பு சரியில்லாமல் போனது கம்ப்யூட்டருக்கு!

நத்தம் தெரியுமல்லவா? திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே, கரந்தமலைப் பக்கத்து ஊர். மாம்பழத்துக்கும் புளிக்கும் பெயர் போனது. சட்டை தைக்கும் தொழிலும் அங்கே உண்டு. பல வீடுகளில் தையல் மிஷின் சத்தம் கேட்கும். மாசி மாதம் மாரியம்மன் திருவிழா வந்தால் பூக்குழியும் கழுமரமும் பார்க்க ஊர் கொள்ளாத கூட்டம். என் தங்கையின் புருஷனுக்குத் தையல் தொழில். முன்னறையில் மிஷின்கள், பக்கத்து அறையில் தங்கையின் கம்ப்யூட்டர்.

அவள் சும்மா இருப்பவள் அல்ல. கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுப்பாள். திருவிழா வந்தால் பிளெக்ஸ் போர்டு, சட்டைக்கு லேபிள், பத்திரிகை என்று ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும். பெண் குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளம் முழுவதும் அந்தப் பெட்டியிலிருந்து வருகிறது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் வாய் விட்டுச் சொல்வதில்லை. நம் வீடுகளில் பெண்கள் சம்பாதிக்கிற பணத்துக்கு அது வழக்கந்தானே?

மாப்பிள்ளை என்னிடம் முறையிட்டார்: "மதினி, ஆவணியிலே ஒரு கார்டு போச்சு. தையிலே ஒண்ணு போச்சு. மாசியிலே மூணாவதும் போச்சு. அந்தக் காசுக்கு ஒரு நல்ல மிஷினே வாங்கியிருப்பேன். இனிமே ஒரு ரூவா போடமாட்டேன். பொட்டியைத் தூக்கிப் பரண்லே வச்சிரச் சொல்லுங்க."

"வைகாசி முகூர்த்தத்துக்கு நாலு ஆல்பம் ஒத்துக்கிட்டேன் அக்கா. முன்பணம் வாங்கியாச்சு" என்றாள் தங்கை. குரல் கம்மியது.

அந்த முன்பணந்தான் மூன்றாவது கார்டாக மாறியது என்பதை அப்புறம் தெரிந்துகொண்டேன்.

கார்டு என்ன வேலை செய்கிறது?

விஷயம் தெரியாத சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. கம்ப்யூட்டருக்குள் கணக்குப் போடுகிறவர் வேறு, படம் வரைகிறவர் வேறு. படம் வரைகிறவர்தான் கிராபிக்ஸ் கார்டு. நீங்கள் கடிதம் அடிக்க, கணக்கு எழுத அவர் தேவையில்லை. பெரிய புகைப்படங்களை அடுக்கி, நிறம் மாற்றி, வீடியோ கோத்து வேலை செய்கிறவர்களுக்கு அவர் இல்லாமல் கை ஓடாது. வேலை அதிகம் என்பதால் சூடும் அதிகம். அதனால் அவருக்கென்று தனியாக விசிறி வைத்திருக்கிறார்கள்.

முதலில் மனத்துக்கு ஆறுதலான ஒரு சங்கதி: கார்டு போனால் படங்கள் போகா. ஆல்பமும் புகைப்படமும் இருப்பது டிஸ்க்கில். அனேக கம்ப்யூட்டர்களில் பிராசசருக்குள்ளேயே சாதாரணமாகப் படம் காட்டும் வசதியும் இருக்கிறது. கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டர் வயரைத் தாய்ப்பலகையின் துளையில் செருகினால் படம் வரும். தங்கை வீட்டிலும் அப்படித்தான் வந்தது. ஆகவே பெட்டி சாகவில்லை. கார்டுகள் மட்டும் செத்துக்கொண்டிருந்தன.

மூன்று கடை, மூன்று காரணம்

முதல் கார்டு போனபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளூர்க் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு சின்னத் தலையணைக்கு வேண்டிய பஞ்சு இருந்ததாம்! முன்னறையில் துணி வெட்டுகிறார்கள் அல்லவா? நூல் துகள் பறந்து வந்து விசிறியில் அடைத்துக்கொண்டிருந்தது. "சூட்டிலே போயிருச்சு" என்றார். சுத்தம் செய்து, புதுக் கார்டு மாட்டிக் கொடுத்தார்.

அவர் சொன்னது பொய்யல்ல. கடுமையான வேலை நடக்கும்போது கார்டு 70, 80 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறுவது சகஜம். 90-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் கவனிக்க வேண்டும்; தண்ணீர் கொதிப்பது 100-ல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய விண்டோஸில் 'டாஸ்க் மானேஜர்' என்ற பலகையைத் திறந்து பார்த்தால் கார்டின் சூட்டை அதுவே காட்டும். தைக்கும் வீடு, மாவு மில் அருகில் உள்ள வீடு, மண் ரோட்டுப் பக்கத்து வீடு என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தூசி தட்டுவது நல்லது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தட்டுங்கள். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது தலைதெறிக்கச் சுற்றிக் கெட்டுப்போகும்.

இரண்டாவது கார்டு தை மாதம் போயிற்று. இந்த முறை மதுரைக்கே கொண்டுபோனார்கள். 2023-ல் நத்தம் சாலையில் 7 கிலோமீட்டருக்கு மேல் நீளமான மேம்பாலம் திறந்த பிறகு மதுரைக்குள் நுழைவது சுலபமாகிவிட்டது. தங்கை பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கைக்குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி போனாளாம். அந்தக் கடைக்காரர் எஸ்.எம்.பி.எஸ். பேரில் குற்றம் சொன்னார். அதாவது, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 என்று சின்னச் சின்ன வோல்ட்டாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. "மலிவுச் சரக்கு, தாங்கல்லே" என்றார்.

அதுவும் பொய்யல்ல. 12 வோல்ட் என்றால் 11.4-க்குக் கீழேயும் போகக் கூடாது, 12.6-க்கு மேலேயும் போகக் கூடாது என்று கணக்கு. கார்டு செருகும் துளை கொடுப்பது 75 வாட் வரைதான். அதற்கு மேல் வேண்டும் கார்டுகளுக்குத் தனி வயர் வர வேண்டும்: ஆறு பின் வயர் இன்னொரு 75 வாட், எட்டு பின் வயர் 150 வாட். மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், மலிவுப் பெட்டி அவ்வளவும் கொடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தங்கை நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்று வாங்கினாள். அதோடு புதுக் கார்டுக்குக் கை மிச்சமில்லை. பழைய கார்டாகப் பார்த்து ஒன்று வாங்கினாள். மாசித் திருவிழாவுக்கு போர்டு வேலை குவிந்திருந்த சமயம். இருபதே நாளில் அதுவும் போயிற்று.

மூன்றாவது காரணத்தை, கம்ப்யூட்டர் படித்த ஒரு பையன் சொன்னான்: "இது சுரங்கத்திலே உழைச்ச கார்டு, அக்கா." சுரங்கம் என்றால் நிலக்கரிச் சுரங்கம் அல்ல. எதீரியம் என்ற இணைய நாணயத்தைச் சம்பாதிப்பதற்காக உலகம் பூராவும் லட்சக்கணக்கான கார்டுகளை இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15-ம் தேதி அந்த நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அன்றோடு கார்டுகளுக்கு அங்கே வேலை போயிற்று. ஓடி ஓடிக் களைத்த கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. பார்க்கப் பளபளவென்றிருக்கும்; விசிறி தேய்ந்திருக்கும்.

இதுவும் உண்மையாக இருக்கலாம். பாருங்கள், மூன்று பேர் மூன்று நியாயமான காரணம் சொன்னார்கள். மூன்றையும் சரி செய்தும் நோய் தீரவில்லை. குழந்தைக்கு மாதா மாதம் வயிற்றுவலி வந்தால் ஒரு மாதம் மாம்பழத்தின் பேரிலும், ஒரு மாதம் ஐஸ்கிரீமின் பேரிலும் பழியைப் போடுகிறோம். குடிக்கிற தண்ணீரைப் பார்க்கிறோமா?

தவறு எங்கே இருக்கலாம்?

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சில சமயம் வீட்டின் பேரில் தப்பே இராது. கார்டே கோணலாகப் பிறந்திருக்கும். 2008 ஜூலையில், கார்டுச் சில்லு செய்யும் என்விடியா கம்பெனி, தன்னுடைய மடிக் கம்ப்யூட்டர் சில்லுகள் சில வழக்கத்துக்கு மேல் பழுதாவதை ஒப்புக்கொண்டு, அந்தச் செலவுக்காக 15 கோடியிலிருந்து 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சூடேறுவதும் ஆறுவதுமாக இருந்ததில் உள்ளே இருந்த நுண்ணிய ஈயப்பற்று விட்டுப்போயிற்று.

சில சமயம் நம் கையின் பேரிலும் தப்பு இருக்கும். 2022 அக்டோபரில் அதே கம்பெனியின் 4090 என்ற கார்டு 1,599 டாலர் விலையில் வந்தது. வந்த மாதமே, மின்சார வயர் செருகும் முனை உருகிவிட்டது என்று சிலர் புகார் செய்தார்கள். நவம்பரில் கம்பெனி, உலகம் முழுவதும் சுமார் 50 புகார்கள் வந்திருப்பதாகவும், முனையை முழுக்க அழுத்திச் செருகாததே அவற்றில் பொதுவாகக் காணும் காரணம் என்றும் சொல்லிற்று. குக்கர் மூடி சரியாகப் பதிந்ததா என்று பார்க்கிறோமே, அந்த மாதிரி கவனம் இதற்கும் வேண்டும்.

செத்த கார்டை அடுப்பில் வைத்துப் பிழைக்க வைக்கலாம் என்று ஒரு வைத்தியம் உலகம் பூராவும் பரவியிருக்கிறது. கேக் சுடுகிற மாதிரி 'ஓவனில்' வைத்து எடுத்தால் விட்டுப்போன பற்று மறுபடி ஒட்டிக்கொள்ளுமாம். சில சமயம் ஒட்டவும் செய்கிறது. ஆனால் நிலைப்பது அபூர்வம். அந்தப் பலகையிலிருந்து வரும் புகை நஞ்சு. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அப்படி ஒரு யோசனையோடு அடுக்களைப் பக்கம் வந்தால், தயவு செய்து கரண்டியைக் காட்டித் துரத்துங்கள்!

மாமியார் சொன்ன சாட்சி

நான் தங்கையை உட்கார வைத்துக் கேட்டேன். "முதல் கார்டுக்கு முன்னாலே பெட்டி எத்தனை நாள் நன்றாக ஓடிற்று?"

"ரெண்டரை வருஷம் ஒரு தொந்தரவும் இல்லே அக்கா."

"மூன்றும் போனபோது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?"

யோசித்தாள். "ஆல்பத்தை வாடிக்கைக்காரங்களுக்கு ஹால் டி.வி.யிலே போட்டுக் காட்டுவேன். நீள எச்.டி.எம்.ஐ. வயரைச் செருகிக் காட்டுவேன். மூணு தடவையும் அப்போதான் போச்சு. ஆனா அது எப்பவும் செய்யிறதுதானே? ரெண்டரை வருஷமும் அப்படித்தானே காட்டினேன்!"

அப்போது திண்ணையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "நான் சொன்னா யாரு கேக்குறா? அந்தப் பொட்டி ஆளைக் கடிக்குது, தாயி."

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். "ஆரம்பிச்சிட்டாங்க! திருஷ்டி, தோஷம்னு பூசணிக்காயெல்லாம் உடைச்சாச்சு, மதினி. இப்போ கடிக்குதாம்."

நான் திண்ணைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எப்போ கடிக்குது, அத்தை?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்த ரூமைத் துடைப்பேன். ஈரக் காலோடே பொட்டியை நகட்டுனா, சுர்ருங்குது. எறும்பு கடிச்ச மாதிரி. இவ செருப்புப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா, அவளுக்குத் தெரியாது. போன ஆடியிலேருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். கிழவிக்குப் பைத்தியம்னு சிரிக்கிறாங்க."

"ஆடியிலிருந்தா? அதற்கு முன்னால் கடிக்கவில்லையா?"

"இல்லையே."

"ஆடியில் வீட்டில் என்ன விசேஷம்?"

அத்தை விரல் நீட்டிக் கொல்லைப்புறத்தைக் காட்டினார். அங்கே புத்தம் புதிதாக சிமெண்டுத் தளம் பளபளத்தது. "துவைக்கிற கல்லை எடுத்துட்டு அதைப் போட்டாக."

மூன்றாவது துளை

உள்ளூரில் வயதான ஒயர்மேன் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டு வரச் சொன்னோம். மனுஷர் வந்து பெட்டியைத் திறக்கவே இல்லை. பையிலிருந்து டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் தகரத்தில் வைத்தார். விளக்கு மினுக்கென்று எரிந்தது. பிறகு மீட்டரை வைத்தார். பெட்டிக்கும் தரைக்கும் நடுவே 110 வோல்ட் காட்டியது! சுவரில் இருந்த பிளக் துளைகளையும் சோதித்தார். மேலே இருக்கிறதே பெரிய மூன்றாவது துளை, அதில் எர்த் வரவே இல்லை.

"அம்மா சொன்னது சரிதானுங்க. கடிக்கத்தான் செய்யும்" என்றார்.

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்தான் வீட்டின் எர்த் குழி இருந்திருக்கிறது. தளம் போட வந்தவர்கள் குறுக்கே கிடந்த கம்பியை வெட்டி எறிந்துவிட்டு, குழியையும் மூடி சிமெண்டு பூசிவிட்டார்கள். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது; ஆகையால் யாருக்கும் தெரியவில்லை. எர்த் இல்லாவிட்டாலும் எல்லாம் ஓடும். அதுதான் அதிலுள்ள ஆபத்து.

நம் பாஷையில் சொல்கிறேன். எர்த் என்பது வீட்டின் ஜலதாரை மாதிரி. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின்சாரத்தை வடிகட்ட ஒரு ஏற்பாடு உண்டு. அதிலிருந்து எப்போதும் துளித் துளியாக மின்சாரம் பெட்டியின் தகரத்துக்குக் கசியும். கசியட்டும் என்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அது எர்த் வழியாக மண்ணுக்குப் போய்விடும். ஜலதாரையை அடைத்துவிட்டால்? தண்ணீர் தேங்குகிற மாதிரி, தகரம் 230-ல் பாதி வோல்ட்டில் நிற்கும். அளவு மிகச் சொற்பம். ஆளுக்கு எறும்புக்கடி போலத்தான் தெரியும்.

ஆனால் கார்டு மனுஷர் அல்லவே! எச்.டி.எம்.ஐ. வயரில் போகும் மின்சாரம் 5 வோல்ட்டைத் தாண்டாது. டி.வி.க்கோ தெருவிலிருந்து கேபிள் வயர் வருகிறது. அதன் உறை வெளியில் எங்கேயோ மண்ணோடு சேர்ந்திருக்கிறது. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தங்கை வயரைச் செருகினாள். பெட்டியில் தேங்கி நின்றதெல்லாம் வடிகால் கிடைத்த சந்தோஷத்தில் அந்த வயர் வழியாகப் பாய்ந்தது. தலைமயிரைவிட மெல்லிய கண்ணிகள் அதைத் தாங்குமா? சில நாள் தாங்கிற்று. ஒரு நாள் போயிற்று. எர்த் சரியாக இருந்த இரண்டரை வருஷமும் இதே வயர், இதே டி.வி., இதே கைதான். ஒன்றும் ஆகவில்லை.

ஒயர்மேன் இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குக் கார்டுக் கவலையே மறந்துபோயிற்று. "கார்டு போனதோட விட்டுச்சே, சந்தோஷப்படுங்க. இதே எர்த்துலதான் கிரைண்டர், துணி துவைக்கிற மிஷின், பிரிட்ஜ், தண்ணி மோட்டார் எல்லாம் இருக்கு. அதுலே எதுலயாச்சும் உள்ளாற வயர் உரசி, பாடியிலே முழுக் கரண்ட் வந்திருந்தா, ஈரக் கையோட தொட்டவங்க..."

அவர் முடிக்கவில்லை. மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். ஏழு வயதுப் பெண் குழந்தை துணி மிஷின் பக்கத்தில் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அதைத் தூக்கிக்கொண்டார். வெகுநேரம் கீழே இறக்கவில்லை.

என்ன செய்தார்கள்?

மறு நாளே கொல்லையின் ஓரத்தில் புதுக் குழி தோண்டினார்கள். இரண்டரை மீட்டர் நீளமான இரும்புக் குழாய், சுற்றிலும் அடுக்கடுக்காகக் கரியும் உப்பும், மேலே தண்ணீர் ஊற்ற வாய். அங்கிருந்து தடித்த கம்பி போர்டுக்கு. கூடவே ஆர்.சி.சி.பி. என்ற காவல் சுவிட்சும் மாட்டினார்கள். மின்சாரம் தவறான வழியில் 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே அது பட்டென்று விழுந்து உயிரைக் காப்பாற்றும். பிறகு மீட்டரை வைத்துப் பார்த்தால், பெட்டியில் 110 இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. எல்லாச் செலவும் சேர்த்து ஒரு கார்டு விலைக்குக் குறைவு!

உங்கள் வீட்டில் கார்டு மட்டுமல்ல, எந்தச் சாமான் அடிக்கடி போனாலும், இன்னொன்று வாங்குவதற்கு முன்னால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. உண்மையில் செத்துவிட்டதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கார்டைக் கழற்றுங்கள். அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, மறுபடி அழுத்திச் செருகுங்கள். பாதிச் சாவுகள் இதிலேயே பிழைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

2. அந்தக் கார்டை இன்னொருவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் கார்டின் பேரில் பழியில்லை. அங்கேயும் ஓடாவிட்டால், எதனால் போயிற்று என்று தெரியும் வரை நல்ல கார்டை உங்கள் பெட்டியில் மாட்டாதீர்கள். அதுவும் போகும்.

3. தூசி, விசிறி, சூடு.

4. எஸ்.எம்.பி.எஸ். மீட்டர் வைத்து 12 வோல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அதை நீங்களோ பிள்ளைகளோ திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

5. எர்த். பெட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறதா? யாராவது பிளக்கின் தடித்த பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் துளையில் செருகியிருக்கிறார்களா? மலிவு விலை எக்ஸ்டென்ஷன் போர்டுகளை நம்பாதீர்கள். மேலே மூன்று துளை இருக்கும். உள்ளே இரண்டு வயர்தான் ஓடும்.

6. டி.வி.யோடு சேர்ப்பதானால், இரண்டையும் அணைத்துப் பிளக்கையும் எடுத்துவிட்டு வயரைச் செருகுங்கள். பிறகு போடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. எர்த் இல்லை என்று தெரிந்ததும் சிலர் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவார்கள். மீட்டரில் சரியாகக் காட்டும். ஆனால் என்றாவது நியூட்ரல் அறுந்தால் முழு 230 வோல்ட்டும் பெட்டியின் மேல் வந்து நிற்கும். எறும்பு போய்ப் பாம்பு வந்த கதைதான். தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் கூடாது. குழிதான் வேண்டும்.

வாரண்டி உள்ள கார்டு போனால் ரசீதோடு கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். நியாயம் கிடைக்காவிட்டால் நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் உங்கள் வீட்டு மின்சாரம் சரியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவது உத்தமம்.

பழைய முதல் கார்டு ஒன்று வேறொரு முனை வழியாகப் படம் காட்டியது. அதை வைத்தே தங்கை வைகாசி ஆல்பங்களை முடித்துக் கொடுத்துவிட்டாள். முன்பணம் போக மீதிப் பணமும் வந்தது. புதுக் கார்டு வாங்கச் சொல்லி மாப்பிள்ளையே சொன்னாராம். அது ஆவணிக்குப் பார்க்கலாம் என்று இவள் சொல்லிவிட்டாள்.

அத்தைக்குத்தான் இப்போது கௌரவம். மழை காணாத சித்திரை, வைகாசியில் எர்த் குழி காய்ந்துபோனால் பலன் குறைந்துவிடும், அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஒயர்மேன் சொல்லிப் போனார். அந்தப் பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். காலையில் துளசிக்கு ஒரு செம்பு, குழிக்கு ஒரு குடம்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது பார்த்தேன். குழியில் தண்ணீரை ஊற்றிவிட்டு, செருப்பில்லாத ஈரக் காலோடு நேரே உள்ளே போய், கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கடிக்குதா, அத்தை?" என்று கேட்டாள் தங்கை.

"இல்லே. நீ வேலையைப் பாரு" என்றார்.